கை ஆறட்டும்

என் கணினியில் 'கிடா' என்று பெயர் வைத்த ஒரு கோப்புறை இருக்கிறது. உள்ளே 86 படங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரையாட்டுக் கிடா, ஒரே பாறை, பின்னால் ஒரே மேகம். ஒன்றில்கூட ஆட்டின் கண் தெரியாது. முதுகில் வெள்ளி பூசினாற்போல் இருக்க வேண்டிய வெளிறிய திட்டு, ஈரக்கையால் இழுத்துவிட்ட விபூதி மாதிரி தீற்றிக்கிடக்கும். வட்டில் இடம் போதாமல் எத்தனையோ நல்ல படங்களை அழித்திருக்கிறேன். இவற்றை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. அது ஆட்டின் மேல் உள்ள ஆசையால் அல்ல.

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். கடை வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு அந்தப் பக்கம் போய்விடுவேன். 2017இல், இரண்டு வருஷம் கட்டி வந்த சீட்டை எடுத்து சிக்மா 150-600 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். லென்ஸ் மட்டுமே 1,930 கிராம். என் நிக்கான் டி7200 உடலையும் மாட்டினால் 2.7 கிலோ. "டிரைபாட் இல்லாம இதைத் தொடவே கூடாது தம்பி" என்றார்கள் முன்னோடிகள். சரி என்று 3 கிலோ அலுமினிய முக்காலி வாங்கினேன். லென்ஸை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு ஒரு விரலால் திருப்ப வைக்கும் கிம்பல் தலை இன்னொரு ஒன்றரை கிலோ. பை, தண்ணீர், ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்து ஒருநாள் கடைத் தராசில் ஏற்றினேன். 11 கிலோ 400 கிராம். "ஏலக்காயா இருந்தா வீடே வாங்கிரலாம்" என்றார் முதலாளி.

அந்தக் கனத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. யாராவது கேலி செய்தால் மா. கிருஷ்ணனை இழுப்பேன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அந்த இயற்கையாளர், வெவ்வேறு உறுப்புகளைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். பெயரிலேயே அதன் பாரம் தெரியும். அதைக்கொண்டு காட்டில் நடந்தும் யானை மேலேறியும் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். அவர் சுமந்தார், நானும் சுமக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வாழ்நாளெல்லாம் காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணும் பொறுமையும் அவருக்கு இருந்தன என்பதை வசதியாக மறந்துவிடுவேன்.

2019 ஜனவரியில் மீசைப்புலிமலைக்குப் போனோம். முந்தைய வருஷம் மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ, மலையேறப் போனவர்களைப் பலிகொண்டிருந்தது. அதன்பிறகு எங்கள் ஊரில் மலையேற்றம் என்று வாயெடுத்தாலே வீட்டில் முகம் மாறும். அதனால் கேரளப் பக்கமாகச் சுற்றிப்போய், முறையாக அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் ஏறினோம். நண்பர்கள் மூன்று பேர், நான், வழிகாட்டி அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், நம் தமிழ்தான் பேசுவார். இளவயதில் கொழுந்து மூட்டை சுமந்தவராம்.

2,640 மீட்டர் மலை. சோலை முடிந்து புல்வெளி ஆரம்பித்ததும் காற்று பிடித்துக்கொண்டது. பாதி ஏற்றத்திலேயே எனக்கு நாக்கு தள்ளியது. "அந்த இரும்பைக் குடுங்க சார், நான் வச்சுக்கிறேன்" என்று முக்காலியை அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொடுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் போய், மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்த என் நண்பன் ஒருவனுக்குத் துணையாக அவர் பின்தங்கினார்.

ஒரு மேட்டைச் சுற்றித் திரும்பினேன். அறுபது மீட்டரில் கிடா.

பாறை விளிம்பில் பக்கவாட்டாக நின்றது. கழுத்து மயிர் காற்றில் படபடத்தது. அதைத் தவிர உடம்பில் ஒரு அசைவு இல்லை. நான் திரும்பி, அடித்தொண்டையில் கத்தினேன்: "டிரைபாட் எங்கண்ணே? சீக்கிரம்! இதுக்குத்தான குடுத்தது?" அவர் ஓடிவரவில்லை. குனிந்து, சத்தமில்லாமல், சீராக அடியெடுத்து வந்தார். வந்தவர் முக்காலியை என் கையில் தராமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டு சொன்னார்: "கை ஆறட்டும் சார். அது நிக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆடு போய்விடும் என்கிற பதற்றத்தில் இருக்கிறவனிடம் இதென்ன வேதாந்தம்! பிடுங்கினேன். கால்களைப் படார் படாரென்று இழுத்தேன். உயரம் போதவில்லை என்று நடுத்தண்டை முழுக்க ஏற்றினேன். காற்றுக்கு நிற்க வேண்டும் என்று பையை அதன் கொக்கியில் தொங்கவிட்டேன். கிம்பலில் லென்ஸைப் பூட்டி, விசையை அழுத்திப் பிடித்தேன். தறி ஓடுவதுபோலச் சத்தம். கிடா ஒருமுறை என்னைப் பார்த்தது. பிறகு எப்போதோ பாறைக்கு அந்தப்புறம் இறங்கிப்போனது.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோது 86ம் ஆடியிருந்தன. ஒவ்வொன்றிலும் பாறையும் சேர்ந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தது. ஆடு மட்டும் மங்கலாகி பாறை தெளிவாக இருந்தால் ஆடு அசைந்தது என்று அர்த்தம். ஆட்டுக்கு முன்னாலிருக்கும் புல் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. வெயில் ஏறின பாறைக்கு மேலே எடுத்து விளிம்புகள் நெளிந்திருந்தால் அது கானல். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் வழிந்திருந்தால் எடுத்தவன் ஆடியிருக்கிறான். இது எனக்கு அன்றே தெரியும்.

நண்பர்கள் படம் கேட்டார்கள். நான் சொன்ன பதில்: "அந்த வழிகாட்டி டிரைபாடைத் தூக்கிக்கிட்டு ஆடி அசைஞ்சு வந்தாரு. அவரு வந்து சேர்றதுக்குள்ள நல்ல நேரம் போச்சு. அவசரத்துல எடுத்தது." ஒரு தடவையல்ல, கேட்ட எல்லோரிடமும். அடுத்த வருஷத் தொடக்கத்தில் நண்பர்கள் மறுபடி போனபோது, "அவரு வேண்டாம், வேற ஆள் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார்களாம். சாதாரணமாகத்தான் என்னிடம் சொன்னார்கள். நானும் சாதாரணமாகத்தான் தலையாட்டினேன்.

பிறகு ஊரடங்கு வந்தது. கடை மூடியிருந்த நாட்களில் பழைய படங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் கேமரா தன் கணக்கை எழுதி வைத்திருக்கும்: எந்த நொடியில் எடுத்தது, ஷட்டர் எத்தனை, ஐ.எஸ்.ஓ. எத்தனை. கணக்கு எழுதுகிறவன் கண் அங்கேதானே போகும். முதல் படம் 9 மணி 41 நிமிடம் 8 நொடி. கடைசிப் படம் 9 மணி 45 நிமிடம் 31 நொடி.

நாலு நிமிஷத்துக்கும் மேல். கிடா முழுசாக நாலு நிமிஷம் எனக்காக நின்றிருக்கிறது. "அது நிக்கும்" என்று அவர் சொன்னபடியே நின்றிருக்கிறது. பற்றாக்குறை நேரத்தில் இல்லை. ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. 200. படத்தில் புள்ளி புள்ளியாக வந்துவிடும் என்று பயந்து ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து வைத்தவன் நான். பேரேட்டில் தப்பு இருந்தால் எந்தக் கையெழுத்து என்று பார்ப்போம். இது என் கையெழுத்து.

மனசு உறுத்தியதில், என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டு அவர்கள் மாடித் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் ஒரு தினசரித் தாளை ஒட்டினேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து 20 மீட்டர். செய்தியின் பொடி எழுத்துகள்தான் பரீட்சை. ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டது: படம் ஆடினால் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'பாட்டு' என்பது 'பாடடு' ஆகிவிடும். எழுத்தின் உருவம் தெரியும், புள்ளி மட்டும் கரைந்திருக்கும். ஆகவே புள்ளி இருந்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் தோல்வி.

நன்றாக ஓய்ந்து உட்கார்ந்து, கையிலேயே பிடித்து, 1/250இல் பத்துப் படம் எடுத்தேன். ஏழில் புள்ளி இருந்தது. கீழே இறங்கி மூன்று தடவை மாடிப்படி ஓடியேறி, வந்த வேகத்தில் பத்து எடுத்தேன். ஒன்றில்கூட இல்லை. அதே ஓட்டம் ஓடிவந்து, லென்ஸை மடியில் வைத்து இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு எடுத்தேன். ஆறு தேறின. நாலு நிமிஷத்தில் இரண்டை அவர் எனக்குக் கொடுக்கப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "கை ஆறட்டும்" என்பது வேதாந்தம் இல்லை, வேலை முறை. மூட்டையை இறக்கியதும் நடுங்கும் கையால் எந்த நுணுக்க வேலையும் ஆகாது என்பது சுமந்தவர்களுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டும் பார்த்தேன். லென்ஸின் முன்நுனி, கேமராவை விட ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், விலகினால் போதும். முப்பது சென்டிமீட்டர் நீளக் குழலுக்கு அந்த விலகல் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். கண் இருந்த இடத்தில் கன்னம் வந்துவிடும். 600 மி.மீ.யில் மூச்சு மட்டுமல்ல, நாடித்துடிப்பே வ்யூஃபைண்டரில் தெரியும். லென்ஸுக்குள் நடுக்கத்தை உணர்ந்து எதிர்த்திசையில் ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்தும் ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். 1995இல் கேனான் 75-300 லென்ஸில் வந்து பிரபலமான உத்தி அது. கையின் சன்ன நடுக்கத்தை அது நன்றாகவே வாங்கிக்கொள்ளும். இளைக்கிற நெஞ்சின் ஏற்ற இறக்கம் அதன் சக்திக்கு மீறியது. அதோடு, விசையைப் பாதி அழுத்தி, காட்சி நிலைக்கு வர ஒரு நொடி கொடுக்க வேண்டும். நான் அந்த ஒரு நொடியைக்கூடக் கொடுத்ததில்லை.

கனம்தான் குற்றவாளி என்று பழி போட்டால் அதுவும் பாதிதான் உண்மை. கனமான பொருள் சட்டென்று ஆடாது. லேசான லென்ஸைவிட இது சன்ன நடுக்கத்தை நன்றாகவே அடக்கும், முதல் அரை நிமிஷத்துக்கு. பிறகு புஜம் சோர்ந்து, பெரிய அலையாக ஆட ஆரம்பிக்கும். எனவே கண்ணில் வைத்துக்கொண்டே காத்திருக்கக்கூடாது. மடியில் வைத்துக் காத்திருந்து, ஆடு தலையைத் திருப்பும்போது எடுத்து, மறுபடி இறக்கிவிட வேண்டும்.

ஜூனில் மலையிறங்கி வரும் காற்று எங்கள் ஊரில் துணி காயப்போட விடாது. அந்தக் காற்றில் முக்காலியைப் பரீட்சித்தேன். மலையில் செய்த மாதிரியே நடுத்தண்டை ஏற்றி, பையைத் தொங்கவிட்டு, முன்னால் ஹூடு மாட்டி எடுத்தேன். பத்துக்கு மூன்று! ஏற்றின தண்டு மூன்று கால் பலத்தையும் விட்டு ஒற்றைக்குச்சியாக நின்றது. தொங்கிய பை மணியின் நாக்குபோல ஆடி, முக்காலியையும் ஆட்டியது. ஹூடு பாய்மரமாகக் காற்றை வாங்கியது. தண்டை இறக்கி, ஹூடைக் கழற்றி, பையின் அடி தரையில் படும்படி தணித்துக் கட்டியதும் எட்டு தேறியது. முக்காலியின் கால்களைப் பாதிதான் நீட்டி நான் தரையில் உட்கார்ந்தபோது ஒன்பது. முக்காலி குற்றமே செய்யவில்லை. நான் அதை நிற்கவே விடவில்லை.

கடைசியாக, கல்யாண வீட்டில் தந்த தாம்பூலப் பை. மஞ்சள் துணிப்பை. அதில் ஒரு கிலோ பச்சரிசியைப் போட்டு, இன்னொரு பைக்குள் நுழைத்து, வாயை இரட்டைத் தையலாக என் மனைவி தைத்துக் கொடுத்தாள். காட்டில் ஒரு மணி சிந்தக்கூடாது. முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் குழிந்து லென்ஸைத் தாலாட்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் பையை வைத்து, லென்ஸை அதன்மேல் கிடத்தி, மேலே இடது உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பத்துக்குப் பத்து. நாலரை கிலோ இரும்பு செய்யாததை ஒரு கிலோ அரிசி செய்தது. பாறை இருக்கும் மலையில் அது போதும்.

பாறை இல்லாத இடத்துக்கு ஒரு கயிறு. லென்ஸின் கழுத்துவளையக் காலில் இருக்கும் திருகு ஓட்டைக்குப் பொருந்தும் கால் அங்குல போல்ட்டில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுநுனியை மிதித்துக்கொண்டு, விறைப்பாக மேலே இழுத்தபடி எடுத்தால் மேலும் கீழும் ஆடுவது பாதியாகக் குறைகிறது. நடக்கையில் ஊன்றும் கம்பையே மோனோபாடாக்கவும் பழகினேன். உட்கார்ந்தால் முழங்கை முழங்கால் எலும்பின் மேல் வேண்டாம், எலும்பின்மேல் எலும்பு வழுக்கும். அதற்குச் சற்று உள்ளே, சதையில் ஊன்ற வேண்டும். இடது கை லென்ஸின் அடியில், எடை சமமாகும் இடத்தில். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அங்கே நிறுத்தி, விசையை அழுத்தாமல் விரலை உருட்ட வேண்டும். தொடர்ச்சியாக மூன்று எடுத்தால் நடுவில் இருப்பது பெரும்பாலும் தெளிவாக இருக்கும், விரல் பட்ட அதிர்வு முதல் படத்தோடு போய்விடுவதால். இவற்றுக்கெல்லாம் மேலே, ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றி ஷட்டரை 1/1000க்குக் கொண்டுபோவது. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்க முடியும், ஆடிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

சுமக்கும் விதத்தையும் மாற்றினேன். முன்பு வாரைக் கேமராவின் காதில் கோத்து லென்ஸைத் தொங்கவிடுவேன். இரண்டு கிலோவும் கேமராவின் வாய்வளையத்தில் இழுபடும். இப்போது வார் லென்ஸின் காலில், குறுக்காக மாட்டி, இடுப்போரம். முக்கியமாக, ஆடு நிற்கும் என்று தோன்றுகிற மேட்டுக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுவிடுகிறேன். இளைப்பு அடங்கிய பிறகுதான் தலையை நீட்டுவது.

2022 டிசம்பரில் மறுபடி மீசைப்புலிமலை. முன்கூட்டியே அந்த அண்ணனையே கேட்டு வாங்கினேன். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "அந்த இரும்பு எங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வி. மஞ்சப்பையைக் காட்டினேன். வாங்கி அமுக்கிப் பார்த்து, "சோறாக்குறதுக்கா?" என்றார்.

பாதி ஏற்றத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு உங்களைக் கத்திட்டேன். தப்பு."

"என்கிட்டதான கத்துனீங்க. ஆடு ஓடலையே."

அவ்வளவோடு எழுந்திருக்கலாம். அவர் மன்னித்தாயிற்று. ஆனால் அவருக்குத் தெரிந்த குற்றத்துக்குத்தான் அந்த மன்னிப்பு. கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னேன்: ஊரில் போய் அவர் தாமதம் செய்ததாகச் சொன்னது, அதனால்தான் என் நண்பர்கள் வேறு ஆள் கேட்டது, கேமராவின் நேரக்கணக்கு எல்லாம். அவர் பக்கத்திலிருந்த புல்லை ஒன்றொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். "அது எனக்குத் தெரியாது சார்" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "ஒருநாள் கூலி" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஊர் திரும்பியதும் மூன்று நண்பர்களையும் உட்கார வைத்து அந்த 86 படங்களையும் நேரத்தோடு காட்டினேன். இப்போது அவர்கள் போனால் அவரைத்தான் கேட்கிறார்கள். அந்த ஒருநாள் கூலி அதில் அடைபட்டதா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கிடா வரவில்லை. ஒரு பெட்டையும் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. மேட்டுக்கு இருபது அடி முன்னால் நான் நின்றபோது அவரும் நின்றார், எதுவும் சொல்லவில்லை. பிறகு பாறையில் பையை வைத்து ஒன்பது படம் எடுத்தேன். பின்திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பெட்டையின் கண்ணில் கிடைமட்டமாக நீண்ட பாப்பா, அதைச் சுற்றி இமை மயிர், எல்லாம் இருந்தது.

"நான் பாக்கட்டா சார்?" என்றார். வாரைக் கழற்றிக் கொடுத்தேன். பை இருக்கும் பாறையை அவர் கண்டுகொள்ளவில்லை. நின்றபடியே லென்ஸைத் தூக்கி, கீழே தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்த லயத்தைத் தேடினார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. விசையைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கை மெல்ல அலைவதைப் பார்த்தேன்.

இறக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"கஷ்டந்தான் சார்" என்றார்.